ஒரு பேரரசின் சில்லறை

புனித நாட்டுத் திருப்பயணத்தின் கடைசி நாள் அது. எருசலேம் பழைய நகரின் கடைத்தெருவில் ஒரு பழம்பொருள் கடைக்குள் எங்கள் குழுவினர் நுழைந்தோம். எல்லாரும் தேடியது ஒன்றையே: ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இட்டாளே, அந்தக் காசு. அத்தகைய காசுகளைச் சிறு கண்ணாடிச் சட்டங்களில் பொருத்தி, சான்றிதழும் இணைத்து, டாலர் கணக்கில் விற்றுக்கொண்டிருந்தார் கடைக்காரர். ஏழையின் காசை வாங்கும் அளவுக்கு என்னிடம் பணம் இல்லை. கல்லாவின் ஓரத்தில் ஒரு பித்தளைத் தட்டில், கறுத்துத் தேய்ந்த வேறு காசுகள் குவிந்து கிடந்தன. அவை என்னவென்று கேட்டேன். "துருக்கியர் காலத்துச் சில்லறை. அதை யாரும் கேட்பதில்லை" என்றார். ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்குப் பதினொரு காசுகளை அள்ளித் தந்தார்.

வீட்டுக்கு வந்து விளக்கின் கீழ் அவற்றைப் பரப்பிய அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை விடவில்லை. அந்தப் பதினொன்று இப்போது ஒரு மரப்பெட்டி நிறையப் பெருகியிருக்கிறது. பொற்காசு ஒன்றும் அதில் இல்லை. வாங்க இயலாது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைப் பின்னரே உணர்ந்தேன். பொற்காசு கருவூலத்திலும் வணிகரின் பேழையிலும் பத்திரமாக உறங்கியது. சிறு காசோ அப்பக்கடையிலும், படகுத்துறையிலும், கோவில் வாசலில் நீண்ட கைகளிலும் புழங்கித் தேய்ந்தது. ஒரு பேரரசு தன் எளிய குடிமக்களை எப்படி நடத்தியது என்பதை அதன் சில்லறையிடம்தான் கேட்க வேண்டும்.

காசைப் படிக்கும் முறை

பள்ளிப் புத்தகங்களில் ஆட்டோமான் பேரரசு என்று நாம் படித்த உதுமானியப் பேரரசு, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அனதோலியாவின் ஒரு மூலையில் முளைத்தது. 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றியது. 1517 முதல் 1917 வரை, ஏறத்தாழ 400 ஆண்டுகள், எருசலேமும் பெத்லகேமும் அதன் ஆட்சிக்குள்ளேயே இருந்தன. அக்காலத்தில் புனித நாடு சென்ற நம் திருப்பயணிகள், குருக்கள், பிரான்சிஸ்கன் துறவிகள் அனைவரும் அங்கே மெழுகுதிரிக்கும் ரொட்டிக்கும் கொடுத்து வாங்கிய சில்லறை, இப்பேரரசின் எல்லைக்குள் புழங்கிய சில்லறைதான்.

அக்காசுகளில் அரசனின் முகம் இராது. சீசரின் தெனாரியத்தைக் காட்டி, இதில் இருப்பது யாருடைய உருவம் என்று நம் ஆண்டவர் கேட்டார் (மாற்கு 12:16). இக்காசுகளைக் காட்டி அப்படிக் கேட்க முடியாது. முகத்துக்குப் பதிலாகப் பிற்காலக் காசுகளில் 'துக்ரா' என்னும் முத்திரைக் கையொப்பம் இருக்கும். மேல்நோக்கி நீளும் மூன்று கோடுகளும், இடப்புறம் சுழன்று விரியும் வளைவுகளுமாய் அமைந்த எழுத்துச் சித்திரம் அது. சுல்தானின் பெயரும், அவர் தந்தையின் பெயரும், 'என்றும் வெற்றி பெறுபவர்' என்ற பட்டமும் அதற்குள் பின்னிக் கிடக்கும். வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் பெயர் சொல்லப்படுவதும், காசில் பெயர் பொறிக்கப்படுவதும் இஸ்லாமிய அரசனின் ஆளும் உரிமைக்கு அடையாளங்கள்.

ஆண்டைக் கண்டுபிடிப்பதற்குச் சிறிது கணக்குப் போட வேண்டும். சுல்தான் அரியணை ஏறிய ஹிஜ்ரி ஆண்டையே அவர் காலத்துக் காசுகள் அனைத்திலும் பொறித்துவிடுவார்கள். ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்பதைத் தனியாக ஒரு சிறு எண் சொல்லும். என் பதினொன்றில் ஒன்றில் 1293 என்றும், 27 என்றும் இருந்தன. 1293 இரண்டாம் அப்துல் ஹமீத் அரியணை ஏறிய ஆண்டு. அதனோடு 27ஐக் கூட்டி ஒன்றைக் கழித்தால் 1319. நம் கணக்கில் அது 1901-02. வெள்ளி பெயருக்கு மட்டும் கலந்த 10 பாராக் காசு அது. நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது.

காசின் மறுபுறத்தை எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படித்தபோது எனக்கு வியப்பு காத்திருந்தது. காசு அச்சிடப்பட்ட நகரின் பெயர் 'குஸ்தந்தினிய்யா' என்றிருந்தது. கான்ஸ்டன்டைனின் நகரம்! கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை அளித்த பேரரசர் 330இல் தன் பெயரால் அமைத்த தலைநகரம் அது. அதை வென்ற இரண்டாம் மெஹ்மத் நகரின் பெயரை அழிக்கவில்லை. தன் காசிலும் அதையே பொறித்தார். 18ஆம் நூற்றாண்டில் சில காலம் 'இஸ்லாம்போல்' என்ற பெயர் காசுகளில் வந்ததுண்டு. பின்னர் பழைய பெயரே திரும்பியது. 1922இல் சுல்தான் ஆட்சி ஒழிக்கப்படும்வரை, இஸ்லாமிய உலகின் கலீபாக்களாக விளங்கியவர்களின் சில்லறைக் காசு, ஒரு கிறிஸ்தவப் பேரரசரின் பெயரைச் சுமந்தபடியே கை மாறிக்கொண்டிருந்தது. வரலாற்றை இருள், ஒளி என்று இரண்டே நிறங்களில் வரைந்து பழகிய நமக்கு இது ஒரு சிறு பாடம்.

அக்சே இளைத்த கதை

இப்பேரரசின் முதல் காசு 'அக்சே'. வெண்மையானது என்பது அச்சொல்லின் பொருள். 1326-27இல் ஓர்ஹான் காலத்தில் புர்சா நகரில் அச்சிடப்பட்ட அக்சே ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான எடையுள்ள நல்ல வெள்ளிக் காசு. அதற்குக் கீழே 'மாங்கிர்' என்ற செப்புக் காசு. எகிப்தை வென்ற பிறகு அங்கிருந்து வந்து சேர்ந்தது 'பாரா'. துண்டு எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'குருஷ்' என்ற பெரிய வெள்ளிக் காசு வந்தது. தடித்தது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே ஐரோப்பிய வாய்களில் திரிந்து இப்பெயர் ஆயிற்று. 3 அக்சே ஒரு பாரா. 40 பாரா ஒரு குருஷ். இன்று துருக்கி மொழியில் 'பாரா' என்றாலே பணம். டச்சுக்காரரின் மிகச் சிறிய செப்புக் காசின் பெயர் நம் நாட்டில் 'துட்டு' ஆகி, பணத்துக்கே பெயராக நிலைத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மக்கள் கையில் புழங்குவது எதுவோ, அதுவே அவர்களுக்குப் பணம்.

இந்த அக்சேயின் எடை, நூற்றாண்டுகளின் போக்கில் சிறிது சிறிதாகக் குறைந்தது. பெயர் அதே, மதிப்பும் அதே என்று அரசு சொன்னது. வெள்ளி மட்டும் உள்ளிருந்து கசிந்து போயிற்று. கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற இரண்டாம் மெஹ்மத் இதை ஒரு வருவாய் வழியாகவே ஆக்கினார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய அக்சே செல்லாது என்று அறிவிப்பு வரும். எடை குறைந்த புதிய காசு வரும். பழையதை நாணயச் சாலையில் கொடுத்துப் புதியதை வாங்க வேண்டும். இடையில் உள்ள வேறுபாடு அரசுக்கு. பழைய வெள்ளியைப் பதுக்கி வைத்தவர்களைத் தேடிப் பிடிக்க 'வெள்ளி தேடுவோர்' என்ற அலுவலர்கள் ஊர் ஊராய்ச் சென்றனர். அதே சுல்தான் 1477-78இல் வெளியிட்ட 'சுல்தானி' என்ற பொற்காசு, வெனிஸ் நகரின் தூக்கத் தரத்துக்கு இணையாக அச்சிடப்பட்டது. அந்தத் தரம் நெடுங்காலம் மாறவே இல்லை. காரணம் எளிது. பொற்காசு வெளிநாட்டு வணிகரின் தராசில் ஏறுவது. அங்கே பொய் செல்லாது. அக்சே ஏறுவதோ அப்பக்கடையில்.

1585-86இல் பெரிய அடி விழுந்தது. மூன்றாம் முராத் காலம். பாரசீகத்தோடு நீண்ட போர், கருவூலம் வற்றியிருந்தது. 450 அக்சே அச்சிட்ட அதே அளவு வெள்ளியில் 800 அக்சே அச்சிட ஆணை பிறந்தது. 60 அக்சேக்குக் கிடைத்த ஒரு பொற்காசு 120 அக்சே ஆயிற்று. பொன் வைத்திருந்தவனுக்கு எதுவும் குறையவில்லை. மகளின் திருமணத்துக்கென்று மண்பானையில் 60 அக்சே சேர்த்து வைத்திருந்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். திருடன் வரவில்லை, பானை உடையவில்லை, காசு ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் சேமிப்பில் பாதி போய்விட்டது. நாட்கூலியில் வாழ்ந்தவர்களும், விலை இரண்டு மடங்கு ஏறியும் கூலி ஏறாதவர்களும் யாரிடம் முறையிடுவார்கள்?

முறையிட வலிமை இருந்தவர்கள் முறையிட்டார்கள். சுல்தானின் காலாட்படையினரான ஜானிசரிகளுக்கும் ஊதியம் அக்சேயில்தான். 1589இல் மட்டமான காசில் ஊதியம் வந்தபோது படையினர் அரண்மனையை முற்றுகையிட்டார்கள். இதற்குப் பொறுப்பானவர் என்று அவர்கள் கருதிய ரூமேலி ஆளுநர் மெஹ்மத் பாஷாவின் தலையையும், கருவூலத் தலைவரின் தலையையும் கேட்டார்கள். சுல்தான் இருவரையும் காவு கொடுத்துத் தன் அரியணையைக் காத்துக்கொண்டார். கையில் வாள் உள்ளவன் குறைத்த காசுக்குத் தலை கேட்டான். மண்பானை வைத்திருந்தவளின் குரலோ எந்த நாளாகமத்திலும் பதிவாகவில்லை.

என் பெட்டியில் இரண்டு அக்சேக்கள் உள்ளன. முந்தையதைக் கையில் வைத்தால், சிறிதாயினும், காசு என்று தெரிகிறது. பிந்தையது மீன் செதிள் போன்றது. மூச்சுவிட்டால் பறந்துவிடும் போலிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைப்பேன். சொற்பொழிவு எதுவும் வேண்டாம்.

குற்றம் ஒரு சமயத்தாருடையதன்று

இதைப் படிக்கும் நம்மில் எவரும், இது முஸ்லிம் அரசர்களின் குற்றம் என்று எண்ணிவிடலாகாது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சை ஆண்ட கத்தோலிக்க மன்னர் நான்காம் பிலிப் காசின் வெள்ளியைக் குறைத்ததும், பின்னர் அதன் மதிப்பைத் திடீரென மாற்றியதும் பாரிசில் கலகத்தை மூட்டின. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1544 முதல் வெள்ளிக் காசில் செம்பை அளவின்றிக் கலந்தார். அவற்றினும் வெட்கக்கேடான ஒன்று உதுமானிய நாட்டிலேயே நிகழ்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில், பதினான்காம் லூயியின் உருவம் பொறித்த சிறு பிரெஞ்சு வெள்ளிக் காசுகளைத் துருக்கிப் பெண்கள் விரும்பி வாங்கி, கழுத்திலும் தலையணியிலும் கோத்து அணிந்தார்கள். இதைக் கண்ட பிரெஞ்சு, இத்தாலியக் குறுநிலத் தலைவர்கள் சிலர், அதே தோற்றத்தில் வெள்ளி குறைந்த காசுகளை அச்சிட்டுக் கப்பல் கப்பலாய் அனுப்பினார்கள். வரவர அவற்றில் வெள்ளியே இல்லாது போயிற்று. உதுமானிய அரசு இறுதியில் அவற்றைத் தடை செய்தது. நட்டம் யாருக்கு? வாங்கி அணிந்த எளிய பெண்களுக்கு. அனுப்பியவர்கள் ஞாயிறு தவறாமல் திருப்பலி கண்டவர்கள்.

அதே வேளையில், இதைக் குற்றம் என்று துணிந்து சொன்னவர்களும் எல்லாச் சமயங்களிலும் இருந்திருக்கிறார்கள். உதுமானியர் எகிப்துக்கு வருமுன்னரே, கெய்ரோவில் வாழ்ந்த வரலாற்றறிஞர் அல்-மக்ரீஸி (இறப்பு 1442), பஞ்சத்தின் காரணங்களை ஆராய்ந்தபோது, மட்டமான செப்புக் காசைப் பெருக்கியதும் ஒரு காரணம் என எழுதினார். பின்னாளில் லிசியூ மறைமாவட்டத்தின் ஆயரான நிக்கோலஸ் ஒரேம், 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாணயம் பற்றி ஒரு நூலே எழுதினார். காசில் மன்னரின் முத்திரை இருப்பதால் அது மன்னரின் உடைமை ஆகிவிடாது. உழைத்துப் பெற்றவர்களே அதற்கு உரியவர்கள். அதன் தரத்தைக் குறைப்பது மக்களை ஏமாற்றுவதாகும் என்பது அவர் கருத்து. ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக் குரு ஹுவான் தெ மரியானா 1609இல் இதையே எழுதினார். மூன்றாம் பிலிப் மன்னர் ஏழைகளின் செப்புக் காசைக் கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. முதிய வயதில் அக்குருவைக் கைது செய்து, மத்ரீதில் ஒரு பிரான்சிஸ்கன் மடத்தில் சிறைவைத்தார்கள்.

ஏபாவைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, ஏழைகளை விலைக்கு வாங்க நினைத்த வணிகர்களை ஆமோஸ் இறைவாக்கினர் கடிந்துரைத்ததை நாம் அறிவோம் (ஆமோஸ் 8:4-6). அரசனே காசின் எடையைக் குறைப்பது, அந்த வணிகனின் தராசை நாடு முழுவதற்கும் ஒரே நாளில் மாட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

நாணயச் சாலையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம்

இந்தக் காசுகளை அச்சிட்டவர்கள் யார் என்று தேடியபோது இரண்டாவது வியப்பு. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டிலும் பேரரசின் நாணயச் சாலையை நடத்தும் பொறுப்பில் முதன்மை பெற்றிருந்தவர்கள் தூஸியான் என்ற ஆர்மீனியக் குடும்பத்தார். அவர்கள் கத்தோலிக்கர்கள்.

அக்காலத்தில் அந்நாட்டில் ஆர்மீனியக் கத்தோலிக்கர்களுக்குச் சட்டப்படி தனி நிலை இல்லை. அவர்கள் ஆர்மீனியத் திருச்சபையின் முதுபெரும் தந்தைக்கு உட்பட்டவர்களாகவே கருதப்பட்டார்கள். உரோமையோடு ஒன்றித்த திருப்பலியை மறைவாகவே காண வேண்டியிருந்தது. 1819இல் தூஸியான் குடும்பத்தின் மீது சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் சினம் விழுந்தது. நாணயச் சாலைப் பணத்தைக் கையாடினார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் இல்லத்தில் இரகசியமாக ஒரு சிற்றாலயம் வைத்திருந்ததும் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. குடும்பத்தின் முக்கியமானவர்கள் கொல்லப்பட்டார்கள், உடைமைகள் பறிமுதலாயின. 1830இல் ஆர்மீனியக் கத்தோலிக்கர் தனிச் சமூகமாக ஏற்பிசைவு பெற்றார்கள். தூஸியான் குடும்பத்தாரும் பின்னர் நாணயச் சாலைப் பணிக்குத் திரும்பினார்கள்.

இவர்களை எண்ணும்போது என் மனம் இரண்டாகப் பிரிகிறது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் வீட்டுக்குள் பீடம் அமைத்துத் திருப்பலி கண்ட குடும்பம் இது. ஆனால் அவர்கள் பணி செய்த சாலையில்தான் குருஷின் வெள்ளியும் குறைக்கப்பட்டது. இரண்டாம் மஹ்மூத் அரியணை ஏறிய 1808இல் ஒரு குருஷில் ஏறத்தாழ 6 கிராம் வெள்ளி இருந்தது. 1830களில் ஒரு கிராம்கூட இல்லை. ஓர் ஆங்கிலப் பவுன் 20 குருஷுக்கும் குறைவாகக் கிடைத்த நிலை மாறி, 1839இல் 100 குருஷைத் தாண்டியது. இப்பெருஞ்சரிவின் பெரும்பகுதி 1819க்குப் பின்னரே நிகழ்ந்தது; ஆணையும் சுல்தானுடையது. ஆயினும் ஒரு கேள்வி என்னை விட்டு அகலவில்லை. மறைவான சிற்றாலயத்தில் முழங்காலிட்டவர்கள், பகலில் தம் பொறுப்பில் உருகிய உலோகத்தைப் பற்றி அங்கே என்ன செபித்திருப்பார்கள்? அலுவலகத்தில் மேலிடத்து ஆணைப்படி கையொப்பமிடும் நம்முள் பலருக்கும் இக்கேள்வி அந்நியமானதன்று. பக்திக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த நெஞ்சுக்கும், வேலையில் நீதியைக் காப்பது அதற்கு நிகரான சோதனையாக வரக்கூடும்.

பங்குக் கோவிலின் முத்திரை

1844இல் சுல்தான் அப்துல் மெஜீத் நாணயத்தைச் சீர்திருத்தினார். 100 குருஷ் ஒரு பொன் லிரா என்றும், வெள்ளிக்கு நிலையான தரம் என்றும் வகுக்கப்பட்டது. ஏழைகளுக்கென 1, 5, 10, 20, 40 பாராச் செப்புக் காசுகள் வந்தன. அவரும், அடுத்து வந்த அப்துல் அஸீஸும் வெளியிட்ட 40 பாராக் காசு நல்ல கனமானது. என் பெட்டியில் அதிகம் இருப்பது இதுவே. ஆனால் போர்ச் செலவுக்கென்று தாள் பணத்தையும் செப்பையும் அளவின்றிப் பெருக்கிய அரசு, 1870களின் இறுதியில் தன் செப்புக் காசின் மதிப்பைத் தானே கைவிட்டது. நேற்றுவரை ரொட்டி வாங்கிய காசு இன்று செல்லாக் காசாயிற்று. சந்தையில் சில்லறையே இல்லை.

அப்போது நிகழ்ந்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஈஜியன் கடலில் உள்ள லெஸ்போஸ் தீவில், கிரேக்கக் கிறிஸ்தவர்களின் பங்குக் கோவில்கள், செல்லாது போன அந்தச் செப்புக் காசுகளை எடுத்துத் தத்தம் ஊரின் அல்லது கோவிலின் எழுத்துகளை அவற்றின் மேல் அடித்து, மீண்டும் புழக்கத்தில் விட்டன. சுல்தானின் துக்ராவின் மேல் ஒரு கிராமக் கோவிலின் சிறு முத்திரை. பொருள் இதுதான்: இக்காசைப் பேரரசு ஏற்காவிட்டாலும் எங்கள் பங்கு ஏற்கும். தலைநகரிலும் பிற ஊர்களிலும் கிரேக்க, ஆர்மீனியக் கோவில்களும் யூதத் தொழுகைக்கூடங்களும் சில பாரா மதிப்புள்ள வில்லைகளை வெளியிட்டன. அவற்றைக் கொண்டு மக்கள் கடையில் சாமான் வாங்கினார்கள், மெழுகுதிரி ஏற்றினார்கள், பிச்சையிட்டார்கள்.

சிந்தித்துப் பார்த்தால், காசு என்பதே ஒரு வாக்குறுதிதான். கொடுத்தால் திரும்பப் பெற்றுக்கொள்வேன் என்ற உறுதி. படையும் கோட்டையும் உடைய பேரரசு அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. ஒரு கிராமத்துப் பங்குக் கோவில் காப்பாற்றியது. ஏனெனில் அங்கே கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறிவார்கள். ஞாயிறன்று ஒரே பீடத்தின் முன் நிற்க வேண்டியவர்கள் அவர்கள். அந்த முத்திரை பதிந்த காசு ஒன்று இன்னும் எனக்குக் கிட்டவில்லை. நூல்களில் படமாக மட்டும் கண்டிருக்கிறேன். ஒன்றே ஒன்று கிடைத்தால் மற்றவை அனைத்தையும் யாருக்கேனும் கொடுத்துவிடுவேன் என்று வீட்டில் சொல்வதுண்டு, யாரும் நம்புவதில்லை.

அழகிய சொற்கள்

இறுதிக் காலக் காசுகள் நிக்கலால் ஆனவை, வழவழப்பானவை. 1908இல் நிகழ்ந்த புரட்சி அரசியல் சட்டத்தை மீட்டது. அடுத்த ஆண்டு அரியணை ஏறிய ஐந்தாம் மெஹ்மத் வெளியிட்ட நிக்கல் காசுகளில் துக்ராவோடு மூன்று சொற்கள் பொறிக்கப்பட்டன: விடுதலை, சமத்துவம், நீதி. முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் அனைவரும் சம குடிமக்கள் என்று தெருக்களில் கட்டித் தழுவிக்கொண்ட நாட்களின் நினைவு அது. ஏழையின் கையில் அன்றாடம் புழங்கும் 10 பாராக் காசில் இத்தகைய சொற்களைப் பொறித்தது உயர்ந்த எண்ணமே.

அந்தக் காசுகள் மக்கள் பைகளில் இருந்தபோதே 1915 வந்தது. ஆர்மீனியர்கள் இலட்சக்கணக்கில் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். பாலைவன வழிகளில் மாண்டார்கள். மார்தின் நகரின் ஆர்மீனியக் கத்தோலிக்கப் பேராயர் இக்னாசியோஸ் மலோயான் தம் மக்களோடு அழைத்துச் செல்லப்பட்டு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கொல்லப்பட்டார். அவரைத் திருச்சபை 2001இல் அருளாளராகவும் 2025இல் புனிதராகவும் உயர்த்தியது. ஆலெப்போவிலும் பின்னர் கோன்யாவிலும் ஆளுநராயிருந்த மெஹ்மத் ஜெலால் பே போன்ற முஸ்லிம் அதிகாரிகள் சிலர், தம் பதவியை இழக்க நேர்ந்தபோதும் அந்த மக்களைக் காக்க முயன்றதையும் மறவாமல் சொல்ல வேண்டும். நீதி என்ற சொல்லைக் காசில் பொறித்தவர்கள் அதைக் கைவிட்டார்கள். பதவியை இழந்த அந்த ஆளுநர் அதற்குப் பொருள் தந்தார்.

1922 நவம்பரில் சுல்தான் ஆட்சி முடிந்தது. துக்ரா காசுகள் எடைக்குப் போடும் உலோகமாயின.

துளையிட்ட காசு

என் பதினொரு காசுகளில் மூன்றில் துளை இருக்கிறது. துளையிட்ட காசுக்குச் சேகரிப்பாளர் மத்தியில் மதிப்பு இல்லை. அதனால்தான் அவை அந்தத் தட்டுக்கு வந்தன. நான் அவற்றைத் தனியே ஒரு துணியில் வைத்திருக்கிறேன். காசைத் துளைத்து நூலில் கோத்துத் தலையணியாகத் தைத்துக்கொள்வது அந்நாட்டுப் பெண்களின் வழக்கம். மணமகளின் சீதனமும், ஆபத்துக்கு உதவும் சேமிப்பும், தனக்கென்று அவளுக்கு இருந்த ஒரே உடைமையும் பெரும்பாலும் அதுவே. பத்துத் திராக்மாக்களில் ஒன்றைத் தொலைத்து, விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடிய பெண்ணும் (லூக்கா 15:8-10) இத்தகைய தலையணியிலிருந்து விழுந்த காசைத்தான் தேடியிருக்கக்கூடும் என்று விவிலிய உரையாசிரியர் சிலர் கருதுகிறார்கள். பத்தில் ஒன்று போனால் என்ன என்று அவள் இருக்கவில்லை. தேடிக் கிடைத்ததும் அண்டை வீட்டாரையெல்லாம் அழைத்தாள்.

நம் ஆண்டவர் எருசலேம் கோவிலில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்தார் என்று மாற்கு எழுதுகிறார் (12:41-44). செல்வர் பலர் மிகுதியாகப் போட்டுச் சென்றார்கள். அவர் கண் நின்றது இரண்டு சிறு காசுகளின் மேல். அவர் அமர்ந்திருந்த அந்த நகரையே பின்னாளில் ஆண்ட பேரரசின் அமைச்சர்கள் அந்தக் கண்ணோடு பார்த்திருந்தால், அக்சேயைச் சுரண்ட அவர்கள் கை எழுந்திராது. லூயியின் போலிக் காசைக் கப்பலேற்றிய கிறிஸ்தவத் தலைவர்கள் பார்த்திருந்தாலும் அப்படியே.

நம் நாட்டிலும் 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாதவையாயின. இன்று சில்லறையைக் கையால் தொடாமலேயே நாட்கள் நகர்கின்றன. ஆனால் சின்னக் காசின் மனிதர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு இரண்டு நாள் விடுப்பென்று கூலியில் பிடிக்கிறோமே, அந்தத் தொகை. கூடைக்காரியிடம் பேரம் பேசி மிச்சப்படுத்துகிறோமே, அந்த ஐந்து ரூபாய். பங்கின் சிறுசேமிப்புக் குழுவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி நம்மை நம்பிக் கணக்கு ஒப்படைக்கிறாளே, அந்தக் கணக்கு. சிறியவற்றில் நம்பத்தகுந்தவரைப் பற்றி ஆண்டவர் சொன்னது (லூக்கா 16:10) இவற்றுக்கெல்லாம் பொருந்தும். இங்கேதான் நம் அக்சேயின் எடை ஒவ்வொரு நாளும் நிறுக்கப்படுகிறது.

மாதம் ஒருமுறை அந்தப் பெட்டியைத் திறந்து காசுகளைத் துடைத்து வைப்பேன். துளையிட்ட மூன்றையும் கையில் எடுக்கும்போது, பெயர் தெரியாத அந்தப் பெண்களுக்காக ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுத்தான் மூடுவேன்.